தட்டுக்குப் பதினேழு நொடி

பாட்டின் வேகத்தை எண்ணாக்கிக் கணினிக் கோப்பில் அடைப்பது என் தொழில். நன்றி கிடைக்காத தொழில்களை வரிசையாக உட்கார வைத்தால் இதற்கு முன்வரிசையில் ஒரு கதிரை உண்டு. வேகம் சரியாக இருந்தால் ஒருவரும் கவனிப்பதில்லை. பிழைத்தால் மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைத்தான் பார்க்கும். கல்யாண வீட்டுக்கும் நடன மேடைக்கும் பூசைக்கும் இசை போட்டுக் கொடுத்துப் பேச்சு வாங்கும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். நான் செய்யும் கோப்பில் குரல் கிடையாது, சத்தமும் கிடையாது. எந்தக் கட்டையை எப்போது அழுத்து, எப்போது விடு என்ற கட்டளைகள் மட்டும். கீபோர்டோ, கிறிஸ்தவக் கோயிலில் இருக்கும் ஓகன் என்ற பெரிய வாத்தியமோ அதைப் படித்துத் தானாகவே வாசிக்கும். வேகத்தை நாங்கள் வாயால் சொல்லும்போது நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்போம். தட்டு என்றால் காலால் தாளம் போடும்போது பாதம் ஒருமுறை விழுவது. ஆனால் கோப்புக்குள் அது அப்படிப் போவதில்லை. ஒரு நொடியைப் பத்து லட்சம் துகளாக உடைத்து, ஒரு தட்டுக்கு எத்தனை துகள் என்று எழுத வேண்டும். முழுத் துகள் மட்டும். அரைத் துகள், கால் துகள் எல்லாம் வாசலிலேயே நிறுத்தப்படும்.

இருபது வருடமாக இந்தத் துகள்களோடு குடும்பம் நடத்துகிறேன். இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கிறேன். போன தவக்காலத்தில், ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், ஒரு மனிதர் மறுபடி கோயில் படி ஏறுவாரா மாட்டாரா என்பதே இந்தத் துகள்களில் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் பட்ட சின்ன அவமானங்கள் இரண்டையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் நிலைமை விளங்கும்.

முடியாத எண்

டுசல்டோர்ஃபில் ஒரு நடன ஆசிரியை. சென்னைக்காரி. தில்லானாவுக்கு நிமிடத்துக்கு நூற்றுநாற்பது தட்டில் ஒரு கோப்புக் கேட்டார். செய்து அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் அவருடைய கணவர் தொலைபேசி எடுத்தார். கார்த்திக் என்று பெயர். ஏதோ இயந்திரக் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற பொறியாளர். என் கோப்பைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறார். "மேடம், நீங்க ஒன் ஃபார்ட்டி குடுக்கல. ஒன் ஃபார்ட்டி பாயிண்ட் ஸீரோ ஸீரோ ஸீரோ ஒன் ஃபோர் குடுத்திருக்கீங்க" என்றார். நான் இருந்த கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். இருபது வருடத்தில் உள்ளே திறந்து பார்த்த முதல் மனிதர்!

அவருக்கு விளக்கினேன். நூற்றிருபது என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக ஐந்து லட்சம் துகள், பிரச்சினை இல்லை. நூற்றுநாற்பது என்றால் நாலு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தொன்று, அதற்கு மேலும் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் இருக்கிறதே, அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 428571 என்ற அதே ஆறு இலக்கம் புள்ளிக்குப் பின்னாலும் வரும். பிறகு மறுபடி வரும். பிறகும் வரும். உலகம் அழிந்தாலும் நிற்காது. இதை முதன்முதலில் கண்ட அன்று நான் சமையலைக் கருகவிட்டேன். முடிவே இல்லாத அந்த வாலை வெட்டிப்போட்டுத்தான் உங்கள் மனைவி ஆடுகிறார் என்றேன்.

மறுமுனையில் கால்குலேட்டர் தட்டும் ஓசை கேட்டது. பிறகு மிகவும் பொறுப்பான குரலில் சொன்னார்: "அப்போ இவ ஒரு வருஷம் நிறுத்தாம ஆடினா முப்பத்தொரு செகண்ட் முன்னாடி முடிச்சிடுவா. ஓகே மேடம், அது நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்."

இரண்டு கால்

பீலெஃபெல்டில் ஒரு கல்யாணம். பாட்டுப் போடுகிறவர் ஜெகன். கெட்டிக்காரர், ஆனால் கணினி சொல்வதை வேதவாக்காக எடுப்பவர். ஒரு பழைய பாட்டுக்கு அடியில் புதிதாக மேளம் சேர்க்க வேண்டும் என்றார். வேகம் என்னவென்று கேட்டேன். "தொண்ணூற்றேழு அக்கா, பாட்டுக் கோப்பிலயே எழுதிக் கிடக்கு" என்றார். நானும் நம்பி மேளத்தைத் தொண்ணூற்றேழில் செய்து கொடுத்தேன். பாட்டுக் கோப்புகளில் வேகத்தைக் குறித்து வைக்கிற அந்தச் சின்னச் சீட்டில் முழு எண் மட்டும்தான் எழுதலாம் என்பது எனக்கே தெரியும். தெரிந்தும் கேட்டேனா? இல்லை. உண்மையில் அந்தப் பாட்டின் வேகம் தொண்ணூற்றேழரைக்குக் கொஞ்சம் கீழே, தொண்ணூற்றேழு புள்ளி நாலு.

புள்ளி நாலுதானே என்று நீங்களும் நினைப்பீர்கள். முதல் கால் நிமிடம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு நிமிடத்தில் மேளம் அரைத் தட்டுக்குக் கிட்டப் பின்தங்கிவிட்டது. நானூறு பேர் கதைக்கிறார்கள், கரண்டிச் சத்தம், குழந்தைகள் அழுகிற சத்தம். இந்த இரைச்சலுக்குள் கால் நொடிப் பிழை யாருக்குக் கேட்கப் போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர், மணப்பெண்ணின் தகப்பன், திடீரென்று நின்றார். அவருக்கு இசை படித்த பழக்கம் ஒன்றும் கிடையாது, லொறி ஓடுகிறவர். குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார். பயத்தோடு சேர்ந்து எனக்கு ஒரு பெரிய மரியாதையும் வந்தது. என்ன காது ஐயா அது! அவர் சொன்னது: "பிள்ளை, என்ர ஒரு கால் பாட்டோட போகுது, மற்றக் கால் மேளத்தோட போகுது. நான் இப்ப ஆரோட போறது?"

வலது கை

மாசி மாதக் கடைசியில் ரோசலின் அக்கா என் வீட்டுக்கு வந்தார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. வேலை உடுப்போடேயே வந்திருந்தார். மன்னார்க்காரி. தவக்காலத்தில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சனம் சிலுவைப்பாதை செய்யும்போது, மகனைப் பறிகொடுத்த மாதாவின் புலம்பலை அவர்தான் பாடுவார். ஒப்பாரி இழுவை. தாளம் கிடையாது. கேட்டால் கல்லும் கலங்கும் என்பார்களே, அந்த ஜாதி. கூட ஓகன் வாசிப்பது அவருடைய கணவர் சூசை அண்ணை. முப்பது வருடமாக அந்தப் பாட்டை இவர் பாட அவர் வாசித்தார். வேறு ஒருவரும் தொட்டதில்லை.

ஐப்பசியில் சூசை அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மறுவாழ்வு நிலையம், பயிற்சி, வைத்தியரிடம் நாள் குறித்து வாங்கி டெர்மின் மேல் டெர்மின் என்று எல்லாம் பார்த்தாயிற்று. பேச்சுத் திரும்பியது. நடை திரும்பியது. கை திரும்பவில்லை. அன்றிலிருந்து மனிதர் கோயில் பக்கம் வரவில்லை. யேசு பிறந்த நத்தாருக்கும் வரவில்லை. பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் வரவில்லை. கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருக்கிறாராம்.

அக்கா தன் தொலைபேசியை என் முன்னால் வைத்தார். போன வருடச் சிலுவைப்பாதையை யாரோ பதிந்திருந்தார்கள். அக்காவின் குரலும், கீழே சூசை அண்ணையின் ஓகனும். ஜேர்மன்காரர்களின் கோயிலில் இப்போது மின் ஓகன் பூட்டியிருக்கிறார்கள், கோப்பைக் கொடுத்தால் தானாக வாசிக்கும் என்று அக்காவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணை வாசித்ததை அப்படியே கோப்பாக்கித் தர முடியுமா என்று கேட்டார். பெரிய வெள்ளிக்கு முந்திய வெள்ளி, மாலை ஐந்திலிருந்து ஆறு வரை சிலுவைப்பாதைக்காகக் கோயில் எங்களுக்கு. முடியும் என்றேன், யோசிக்காமல். அக்கா எழுந்து என் கையைப் பிடித்தார்: "தன்ர வாசிப்பைக் கேக்கவாவது அந்தாள் வரும் தங்கச்சி. வராட்டி நான் பாட மாட்டன். இனி ஒருக்காலும் பாட மாட்டன்."

ஓடிய மாதா

பதிவை வைத்து இரண்டு கிழமை வேலை செய்தேன். தாளமில்லாத பாட்டுக்குத் தட்டு எங்கே வைப்பது? ஒரு வரிக்கு ஒரு தட்டு என்று முடிவெடுத்தேன். வரி பத்து நொடி இழுத்தால் தட்டும் பத்து நொடி. கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எந்த வரியும் மற்ற வரியின் நீளத்தில் இல்லை. அக்கா இழுக்கிற இடத்தில் அண்ணை இழுக்கிறார், அவர் விழுகிற இடத்தில் இவர் ஏந்துகிறார். துகள் துகளாக அளந்து எழுதினேன். என் பெருமைக்கு அளவில்லை. கோப்பை அனுப்பினேன்.

இங்கேதான், சகோதரங்களே, என் தொழில் எனக்கு வைத்திருந்த குழி. ஒரு தட்டின் நேரத்தை எழுத அந்தக் கோப்பில் மூன்று சின்ன அறைகள் மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றும் நிரம்பினால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் துகள். பதினேழு நொடிக்கும் ஒரு மயிரிழை குறைவு. அதற்கு மேல் ஒரு தட்டு நீள முடியாது. எந்தப் பாட்டுக்காரருக்கு ஒரு தட்டுப் பதினேழு நொடி தேவைப்படப் போகிறது என்று அந்த நாளில் யாரோ நினைத்திருக்கிறார்கள். நியாயமான நினைப்புத்தான். அவர்கள் மன்னார்ப் புலம்பல் கேட்டதில்லை.

"என் மகனை என் மடியில் தாருங்கள்" என்று மாதா கேட்கிற வரியை அக்கா பத்தொன்பது நொடி இழுத்திருந்தார். கோப்பு எழுத நானே செய்து வைத்திருந்த சின்ன நிரல் அறை நிரம்பியதைச் சொல்லவில்லை. பழைய கார் மீட்டர் நிரம்பினால் பூச்சியத்துக்குத் திரும்புமே, அப்படித் திரும்பி மிச்சத்தை மட்டும் எழுதிவிட்டது. மிச்சம் இரண்டே கால் நொடி. பாட்டிலேயே மிக மெதுவான வரி, பாட்டிலேயே மிக வேகமான வரியாகி இருந்தது. அக்கா வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு என்னை அழைத்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, மாதா ஏன் அந்த இடத்தில மட்டும் பஸ்ஸுக்கு ஓடுறா?"

போன வருடத்து அழுகை

பிழையைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. ஒரு வரிக்கு ஒரு தட்டு என்பதை நாலு தட்டாக உடைத்தேன். பத்தொன்பது நொடியும் அறைக்குள் அடங்கிவிட்டது. எவ்வளவு மெதுவான பாட்டையும் சின்னதாக எண்ணினால் அடக்கலாம். அந்தக் கண்டுபிடிப்போடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சிலுவைப்பாதைக்கு எட்டு நாள் இருந்தது. கோயில் சாவி வைத்திருக்கும் ஜேர்மன் பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். கோப்பு இருந்த ஸ்டிக்கை ஓகனில் குத்தினேன். அக்கா பாடத் தொடங்கினார்.

இரண்டாம் வரியிலேயே பிரிந்துவிட்டார்கள். ஓகன் முன்னால் போனது, அக்கா பின்னால் வந்தார். மறுபடி தொடங்கினோம். இந்த முறை அக்கா முன்னால், ஓகன் பின்னால். மூன்றாம் முறை அக்கா ஓகனைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். அது பாட்டாகவே இல்லை, பள்ளிக்கூடத்தில் ஒப்புவிப்பது போல இருந்தது. என் கோப்பில் ஒரு துகள்கூடப் பிழையில்லை. போன வருடம் அண்ணை எந்தக் கணத்தில் விரலை எடுத்தாரோ அதே கணத்தில் ஓகனும் எடுத்தது. அதை அக்காவிடம் சொன்னேன், கொஞ்சம் வாதாடுகிற குரலில். அவர் வாங்கில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஓம், அது சரியாத்தான் வாசிக்குது. அது போன வருசத்து அழுகை தங்கச்சி. இந்த வருசம் எனக்கு வேற அழுகை."

ஒற்றைக் கட்டை

அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை உழைப்பை அழித்தேன். வேகம் என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். சுரங்கள் மட்டும் வரிசையாக நின்றன, எப்போது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல். கணினியோடு கையடக்கமான ஒரு கீபோர்டைப் பூட்டி, ஒரே ஒரு கட்டைக்கு மட்டும் உயிர் கொடுத்தேன். அதைத் தட்டினால் அடுத்த சுரம் வரும். மறுபடி தட்டும்வரைக்கும் அது அப்படியே நிற்கும், ஒரு நொடியோ ஒரு மணித்தியாலமோ. ஓகன் சத்தம் இறங்காது. கை ஒன்று போதும், அதுவும் இடது கை.

எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சூசை அண்ணை சாப்பாட்டு மேசையில் இருந்தார், வலது கை மடியில். நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. பத்து விரலால் வாசித்த மனிதரிடம் போய் ஒரு கட்டையை நீட்டுகிறேன். "உதைக் குழந்தைப் பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்றுவிட்டு யன்னலைப் பார்த்தார். அக்கா தேத்தண்ணி ஊற்றினார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

போகிற போக்கில் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று, நானே கட்டையில் விரலை வைத்தேன். அக்கா குசினி வாசலில் நின்றபடி மெல்லிய குரலில் பாடினார். நான் தட்டினேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருபது வருடம் வேகத்தையே எண்ணி வாழ்ந்தவள், ஒரு இடத்தில்கூடச் சரியாகத் தட்டவில்லை. முந்தினேன், பிந்தினேன், வரியின் நடுவில் விழுந்தேன். மாதா மகனை மடியில் கேட்கிற அந்த மடி வரி வந்தது. அக்கா இழுத்தார். நான் தட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இடது கை வந்து என் கையைத் தட்டிவிட்டது. "கையை எடுங்கோ தங்கச்சி! அவ இன்னும் மூச்சு விடேல்லை."

வெள்ளிக்கிழமை

அவர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டி, தலை வாரி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். கோயிலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எல்லோரும் பேசி வைத்தது போல முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சிலருக்குத் தோள் குலுங்கியது. சூசை அண்ணை ஓகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், மடியில் என் சின்னக் கீபோர்ட். நான் தூணுக்குப் பின்னால் கணினியோடு.

அக்கா பாடினார். நான் கேட்டதிலேயே மெதுவாகப் பாடினார். ஒவ்வொரு தட்டும் விழுந்த இடத்தைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மடி வரிக்கு வந்தார். பாதியில் குரல் நின்றது. ஓகனின் ஒரு சுரம் மட்டும் கோயில் முழுக்க நின்றது. என் திரையில் நொடிகள் ஓடின. பத்து. பதினைந்து. பதினேழு, என் முதல் கோப்பு என்றால் இங்கே செத்திருக்கும். சாவிக்காரப் பெரியவர் மணிக்கூட்டைப் பார்க்கப் போனவர் தலையை அப்படியே கீழே போட்டுக்கொண்டார். இருபது. சூசை அண்ணையின் விரல் கட்டைக்கு மேலே, தொடாமல் நின்றது. அவர் கட்டையைப் பார்க்கவில்லை, அக்காவின் முதுகைப் பார்த்தார். இருபத்துமூன்றில் அக்காவின் குரலும் அடுத்த சுரமும் ஒன்றாக வந்தன. ஒரு துகள் இடைவெளி இருந்திருக்கலாம். அதை அளக்கிற கருவி என்னிடம் இல்லை. நான் அழுதேன், தூண் மறைத்தது.

எல்லாம் முடிந்து சனம் கலைந்தபோது கீபோர்டை எடுக்கப் போனேன். அண்ணை இடது கையால் அதை மூடிப் பிடித்தார். "பெரிய வெள்ளிக்கும் இது வேணும். ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார். தொழில் ஆர்வத்தில் கேட்டேன், அந்த இடத்தில் அக்கா எப்போது தொடங்குவார் என்று எப்படித் தெரிந்தது அண்ணை என்று. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்? அவ மூச்சு விடட்டும் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தன். இப்ப கேட்டா, நான் தட்டட்டும் எண்டுதானாம் அவவும் நிண்டவ."

ஆகவே சக பாவப்பட்ட ஜீவன்களே, நொடியைப் பத்து லட்சமாக உடைத்துத் தருவது வரைக்கும் எங்கள் பொறுப்பு, அடுத்த தட்டு எப்போது என்பதை மட்டும் தயவுசெய்து எங்களிடம் கேட்காதீர்கள்.